பிள்ளைகள் சொந்தக் காலில் நிற்க வீட்டில் காசைப் பற்றிப் பேசுவது எப்படி? ராமநாதபுரம் கடற்கரைக் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வங்கிக் கவுன்டரில் 31 வருடம் உட்கார்ந்தவன் நான். மண்டபம், கீழக்கரை, தொண்டி என்று இந்தக் கடற்கரையிலேயே மாற்றி மாற்றி வேலை. ஓய்வு பெற்ற பிறகும் ஆட்கள் கேட்பது நின்றபாடில்லை. முன்பு "சார், லோன் கிடைக்குமா?" என்றவர்கள் இப்போது "சார், பையன் சம்பாதிக்கிறான், காசு எங்க போகுதுன்னு தெரியல. கேட்டா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிறான்" என்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் நான் சொல்லிவரும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

பிள்ளையிடம் காசு விஷயத்தை எந்த வயதில் பேச ஆரம்பிப்பது?

வேலைக்குப் போகட்டும், அப்புறம் பார்ப்போம் என்று தள்ளிப்போடாதீர்கள். கல்லூரியின் முதல் வருடமே போதும். அதற்கு ஒரு நல்ல சாக்கும் இருக்கிறது. அரசுப் பள்ளியில் ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை படித்துவிட்டு மேலே படிக்கும் பெண்களுக்கு 2022 செப்டம்பரிலிருந்து புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. பையன்களுக்கு 2024 ஆகஸ்டில் தமிழ்ப் புதல்வன் வந்தது. இரண்டுமே பிள்ளையின் சொந்தக் கணக்குக்கு வரும் பணம். ஆனால் பல வீடுகளில் அந்த ஏ.டி.எம். கார்டு அம்மாவின் சுருக்குப்பையில் இருக்கிறது. மெசேஜ் போவது அப்பாவின் போனுக்கு.

கார்டைப் பிள்ளையிடம் கொடுங்கள். மாதக் கடைசியில் ஒரே ஒரு கேள்வி: "ஆயிரமும் எங்கே போச்சு, சொல்லு." ரீசார்ஜ், ஜெராக்ஸ், பஸ், பிரியாணி என்று வரும். முதல் மூன்று மாதம் எதற்கும் திட்டக்கூடாது. பிரியாணிக்கும் கூடத்தான். திட்டினால் நான்காவது மாதம் பிரியாணி, ஜெராக்ஸ் என்று பெயர் மாறி வரும்.

எந்த நேரத்தில் பேசுவது?

விசைப்படகுக் குடும்பம் என்றால் ஏப்ரல் 15-ஆம் தேதி மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியதும் வரும் முதல் வாரம் நல்லது. அப்பா கரையில் இருப்பார், கையில் கொஞ்சம் காசும் இருக்கும். மே மாதக் கடைசியில் எந்தப் பேச்சை எடுத்தாலும் அது சண்டையில்தான் முடியும். கடலிலிருந்து ராத்திரி முழுக்கத் தூங்காமல் வந்து இறங்கியவரிடமும் பேசாதீர்கள். வெளிநாட்டிலிருந்து லீவில் வந்தவர் என்றால் பெட்டி திறந்த அன்று வேண்டாம், ஒரு வாரம் போகட்டும்.

இன்னொன்று. எதிரும் புதிருமாக உட்கார வைத்துப் பேசினால் விசாரணை மாதிரி ஆகிவிடும். வலை பொத்திக்கொண்டோ, கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டோ, கை ஒரு வேலையில் இருக்கும்போது வாய் தானாகத் திறக்கும்.

வீட்டுக் கடனை எல்லாம் பிள்ளையிடம் சொல்லலாமா? படிப்பு கெட்டுப்போகாதா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். மண்டபத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

ஒரு அம்மா வருடா வருடம் நகைக்கடனுக்கு வட்டி மட்டும் கட்டித் திருப்பி வைப்பார். ஒரு வருடம் கண் ஆபரேஷன் ஆகியிருந்ததால் படிவம் எழுத மகளைக் கூட்டி வந்தார். நர்சிங் மூன்றாம் வருடம் படிக்கிற பெண். நகை விவரம் எழுதியிருந்த தாளை வாசித்தவள், இன்னொரு முறை வாசித்தாள். "அம்மா, இது நம்ம ஆரமா?" என்றாள். வீட்டில் ஒவ்வொரு விசேஷத்துக்கும் "கொக்கி சரியில்ல, பீரோவுக்குள்ள இருக்கட்டும்" என்று அம்மா சொல்லி வந்திருக்கிறார். ஆரம் நான்கு வருடமாக எங்கள் பெட்டகத்தில் இருந்தது. அந்தப் பெண் கடனுக்காக அழவில்லை. "நாலு வருஷமா எங்கிட்ட பொய் சொன்னியா?" என்பதுதான் அவள் கேட்டது. அடுத்த வருடம் வேலை கிடைத்ததும் மாதா மாதம் ஏதாவது கட்டினாள், இரண்டு வருடத்துக்குள் ஆரத்தை மீட்டாள். முன்பே தெரிந்திருந்தால் கல்லூரிச் சுற்றுலாவுக்குப் பேர் கொடுத்திருக்க மாட்டேன் என்று என்னிடம் ஒரு நாள் சொன்னாள்.

ராமேஸ்வரத்து அப்துல் கலாம் கதை நம் பக்கம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். சென்னையில் எம்.ஐ.டி. பொறியியல் கல்லூரியில் சேர ஏறக்குறைய ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டது, அக்கா சோகரா தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். அதைத் தன் சம்பாத்தியத்தில்தான் மீட்பேன் என்று அப்போதே முடிவு செய்ததாகக் கலாம் சொல்லியிருக்கிறார். மேடையில் இதை அக்காவின் பாசத்துக்கு உதாரணமாகச் சொல்வார்கள். எனக்கு வேறொன்றும் படும். வளையல் எங்கே போனது என்று தம்பிக்குத் தெரிந்திருந்தது.

சரி, எப்படிச் சொல்வது? ஒரு முழுத் தாளில் கோடு இழுத்து நான்கு பத்தி போடுங்கள்: யாரிடம், எவ்வளவு, என்ன வட்டி, எப்போது முடியும். வங்கி நகைக்கடன், மகளிர் குழு லோன், படகுக்காரரிடம் வாங்கிய அட்வான்ஸ், சொந்தக்காரரிடம் கைமாற்று எல்லாம் அதில் வரட்டும். வட்டிப் பத்தியைப் பிள்ளையை நிரப்பச் சொல்லுங்கள். "மூணு வட்டி" என்று நாம் சாதாரணமாகச் சொல்வது நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய், வருடத்துக்கு 36 சதவீதம். பி.காம். படித்த பிள்ளைகூடத் தன் வீட்டுக் கடனில் அதைப் பெருக்கிப் பார்க்கும்போதுதான் வாயைப் பிளக்கிறது. எந்தக் கடனை முதலில் அடைக்க வேண்டும் என்று அதற்குப் பிறகு நீங்கள் சொல்லவே வேண்டாம்.

சொல்லி முடித்ததும் ஒரு வரி கட்டாயம் சேருங்கள்: "இதை நீ கட்டணும்னு சொல்லல. தெரிஞ்சிருக்கணும்னு சொல்றேன்." இது இல்லாவிட்டால் பிள்ளை அதைச் சுமையாகத்தான் எடுத்துக்கொள்ளும். பரீட்சை வாரத்தில் மட்டும் வேண்டாம்.

எங்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது. கடல் காசு. பட்ஜெட் போடப் பிள்ளைக்கு நாங்கள் எப்படிச் சொல்லித் தருவது?

உங்களைவிட நன்றாக யாராலும் சொல்லித் தர முடியாது. மாதம் முதல் தேதி சம்பளம் வாங்குகிறவனுக்குத்தான் பட்ஜெட் புத்தகம் தேவை. நீங்கள் வருடத்தில் பத்து மாதம் சம்பாதித்துப் பன்னிரண்டு மாதம் சாப்பிடுகிறவர்கள்.

பிள்ளையை ஒரு நாள் ஏலம் முடிந்ததும் பங்கு பிரிக்கிற இடத்துக்குக் கூட்டிப்போங்கள். ஒரு கணக்குக்கு, 80,000 ரூபாய்க்கு மீன் போனது என்று வைப்போம். டீசல், ஐஸ், சாமான் செலவு 50,000 போனால் மிச்சம் 30,000. அதில் பாதி படகுக்கு, பாதி ஐந்து ஆட்களுக்கு என்றால் தலைக்கு 3,000. (விகிதம் ஊருக்கு ஊர் மாறும், உங்கள் ஊர்க் கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள்.) 80,000 என்று காதில் விழுந்த பையன் கையில் 3,000 வந்ததைப் பார்க்க வேண்டும். வரவு வேறு, மிச்சம் வேறு என்பது இதைவிடத் தெளிவாக எந்த வகுப்பிலும் வராது.

அடுத்தது தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. வீட்டுக்கு மாதம் 12,000 கட்டாயச் செலவு என்றால் இரண்டு மாதத்துக்கு 24,000. அரசு தரும் தடைக்கால நிவாரணம் 8,000. மீதி 16,000-ஐ மற்ற பத்து மாதத்தில் ஒதுக்க வேண்டும், மாதம் 1,600. வாரம் மூன்று நாள் தொழில் என்றால், ஒவ்வொரு முறை போய் வரும்போதும் 130, 140 ரூபாய். ஒரு குவார்ட்டர் விலை என்று நான் சொன்னபோது ஒரு டிரைவர் சிரித்துவிட்டார். (படகை ஓட்டுகிறவரை இங்கே டிரைவர் என்றுதான் சொல்வோம்.) அவர் மனைவி சிரிக்கவில்லை.

மீனவர் சேமிப்பு நிவாரணத் திட்டத்தையும் காட்டுங்கள். நீங்கள் தவணையாக 1,500 கட்டினால் அரசு 3,000 சேர்த்து, மீன்பாடு குறைந்த மாதங்களில் 4,500 ஆகத் திரும்ப வருகிறது. மீனவப் பெண்களுக்கும் இதே மாதிரி தனித் திட்டம் உண்டு. அந்த அட்டையைப் பிள்ளை கையில் கொடுத்து, ஒரு வருடம் கட்டுகிற பொறுப்பையும் அவனிடமே விடுங்கள்.

மகன் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனியில் இருக்கிறான். வீட்டுக்கு எவ்வளவு அனுப்பச் சொல்வது?

தொகை எவ்வளவு என்பதைவிட, அது நிலையான தொகையா என்பதைப் பாருங்கள். "தேவைப்படும்போது கேக்குறோம்" என்று விட்டால் கெட்டது. நமக்குத் தேவை வருவது மே மாதத்திலும் புயல் நேரத்திலும். அவனுக்குச் சம்பளம் வருவது மாதா மாதம். திடீரென்று ஒரு ராத்திரி "20,000 அனுப்பு" என்றால் அவன் எங்கே போவான்? பக்கத்து ரூம்காரனிடம் கடன் வாங்குவான், இல்லாவிட்டால் போனில் கடன் ஆப்பைத் திறப்பான்.

கைக்கு 15,500 வருகிறது என்று வைப்போம். நான்கு பேர் சேர்ந்த அறையில் பங்கு வாடகை 3,000, சாப்பாடு 4,500, பஸ், போன், சோப்பு 1,500. மீதி 6,500. வீட்டுக்கு 4,000 என்று எழுதிக்கொள்ளுங்கள். 1,500 அவன் பெயரில் ஆர்.டி. (மாதா மாதம் கட்டும் தொடர் வைப்பு) அல்லது அஞ்சலகச் சேமிப்பு. 1,000 அவன் கைச்செலவு, அதற்குக் கணக்கு கேட்கக் கூடாது. அவன் அனுப்பும் 4,000-இல் ஒரு பங்கை நீங்கள் மேலே சொன்ன தடைக்காலக் கணக்கில் போட்டு வையுங்கள். மே மாதம் அவனுக்கு அவசர போன் போகாது.

சம்பளச் சீட்டை ஒரு முறை சேர்ந்து வாசியுங்கள். பி.எஃப்.புக்கு (வருங்கால வைப்பு நிதி) அடிப்படைச் சம்பளத்தில் 12 சதவீதம் பிடிப்பார்கள். கம்பெனியும் அதே அளவு போடும். அதைப் "பிடித்தம்" என்று நினைத்து, வேலை மாறும்போதெல்லாம் எடுத்துச் செலவழித்துவிடுகிறார்கள். யு.ஏ.என். என்ற பி.எஃப். எண் ஒருவருக்கு ஒன்றுதான், புதுக் கம்பெனிக்கு அதையே கொடுத்தால் கணக்கு கூடவே போகும் என்று சொல்லி வையுங்கள்.

மகன் எங்கள் படகுக்கே வந்துவிட்டான். அப்பாவும் மகனும் ஒரே தொழில். அவனுக்குத் தனியாகக் காசு தரவேண்டுமா?

தரவேண்டும். வெளியாள் வந்தால் பங்கு கொடுப்பீர்கள். மகன் என்பதால் "எல்லாம் உனக்குத்தானே" என்று சொல்லி, அவன் கேட்கும்போது 200, 300 கொடுத்து ஓட்டுவது சரியில்லை. 28 வயதில் பெண் பார்க்கும்போதும் அவன் அம்மாவிடம்தான் பெட்ரோலுக்குக் காசு கேட்பான். வங்கிக்குப் போனால் அவன் கணக்கில் வரவே இருக்காது. நாங்கள் என்ன பார்த்து லோன் கொடுப்பது?

அவன் பங்கை அவன் கணக்குக்கு அனுப்புங்கள். அவன் அதிலிருந்து வீட்டுக்குக் கொடுக்கட்டும். காசு ஒன்றுதான், சுற்றிப் போவது வீண் வேலை என்று தோன்றும். அந்தச் சுற்றில்தான் அவன் சம்பாதிக்கிறவன் ஆகிறான். மீனவர் நல வாரியத்தில் அவன் பெயரில் உறுப்பினர் அட்டை, வருடம் 20 ரூபாயில் 2 லட்சம் விபத்துக் காப்பீடு, 436 ரூபாயில் 2 லட்சம் ஆயுள் காப்பீடு, இவற்றுக்கான பணமும் அவன் கணக்கிலிருந்தே போகட்டும். எல்லை தாண்டியதாகப் படகையும் ஆட்களையும் பிடித்துப் போவது நம் கடலில் புதிதல்ல. கைக்காசு என்று ஒன்று வீட்டில் ஒரே ஆளிடம் மட்டும் இருந்தால், அந்த ஆள் படகில் இருக்கும் அன்றைக்கு என்ன செய்வீர்கள்?

பையன் சபுர் (வெளிநாட்டு வேலைக்கு) போகிறான். போவதற்கு முன் என்ன பேச வேண்டும்?

கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி பக்கம் இதைக் கேட்காத வீடு இல்லை. மூன்று விஷயம் பேச வேண்டும். மூன்றாவதில்தான் எல்லாரும் தடுமாறுகிறார்கள்.

முதலில், போகிற செலவு. பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் சட்டப்படி உச்சவரம்பு. லட்சக்கணக்கில் கேட்டால் எதற்கு என்று கேளுங்கள், பதிவு எண்ணையும் கேளுங்கள். கடன் வாங்கித்தான் போகிறான் என்றால் அது யார் கடன் என்று அன்றே முடிவு செய்யுங்கள். பத்தாவது முடிக்காத பிள்ளைகள் வேலைக்கு வெளிநாடு போக நம் அரசு தரும் அனுமதியோடு (எமிகிரேஷன் கிளியரன்ஸ்), இரண்டு வருடத்துக்கு 275 ரூபாயில் 10 லட்சம் காப்பீடு சேர்ந்தே வரும், அந்தத் தாளின் நகல் வீட்டிலும் இருக்கட்டும்.

அடுத்து, கணக்கு. வேலைக்காக வெளிநாடு போனவர் ஊரில் இருக்கும் சாதாரண சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. ஆக (வெளிநாட்டில் இருப்பவரின் உள்ளூர் வரவுக்கான கணக்கு) மாற்ற வேண்டும். அங்கிருந்து அனுப்பும் காசுக்கு என்.ஆர்.இ. கணக்கு. அதன் வட்டிக்கு இங்கே வரி இல்லை. கையெழுத்துப் போட்ட வெறும் செக் புத்தகத்தை உம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போகும் பழக்கம் இன்னும் இருக்கிறது. உம்மாவை நம்ப வேண்டாம் என்று சொல்லவில்லை. செக்கைத்தான் நம்ப வேண்டாம்.

மூன்றாவது, "எத்தனை வருடம்?" என்ற கேள்வி. இதைக் கேட்டால் போகும்போதே திரும்பி வரச் சொல்கிற மாதிரி இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. கீழக்கரையில் ஒரு பெரியவர் 26 வருடம் சபுராளியாக இருந்தவர். மகன் துபாய் கிளம்பிய வாரம் அவனைக் கூட்டிக்கொண்டு கிளைக்கு வந்தார். தன் பழைய பாஸ்புக்குகளை எல்லாம் கட்டாகக் கொண்டு வந்திருந்தார். மேஜையில் ஒவ்வொன்றாக விரித்துக் காட்டினார். இது லாத்தா (அக்கா) கல்யாணம், இது வீடு, இது வீட்டுக்கு மாடி, இது காக்காவின் (அண்ணன்) கடை, கடை மூடியது, இது உன் காலேஜ். "கடைசிப் பக்கம் பாரு" என்றார். மீதி 11,000 சொச்சம். "எல்லாரும் என்னிடம் கேட்டாங்க, நான் யாரிடமும் சொல்லல. நீ மாதா மாதம் உன் உம்மாகிட்ட கணக்கு சொல்லு, எவ்வளவு வருது, எவ்வளவு மிஞ்சுதுன்னு." பையன் பாஸ்புக்கை மூடாமல் நின்றுகொண்டே இருந்தான். பின்னால் வரிசையில் நின்றவர்கள்கூட அவசரப்படுத்தவில்லை.

படிப்புக் கடனை யார் கட்டுவது? பிள்ளையா, நாங்களா?

ஏழரை லட்சம் வரை சொத்து அடமானம் இல்லாமல் வங்கி கொடுக்கும். ஆனால் பெற்றோரும் சேர்ந்து கையெழுத்துப் போடுவதால் சட்டப்படி இருவருமே கடன்காரர்கள். படிப்பு முடிந்து ஒரு வருடம் கழித்துத் தவணை ஆரம்பிக்கும். அதுவரை வட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும். தள்ளுபடி வரும் என்று யாரோ சொன்னதை நம்பிக் கட்டாமல் விட்டு, பையனின் சிபில் மதிப்பெண் (கடனை ஒழுங்காகக் கட்டுகிறாரா என்று வங்கிகள் பார்க்கும் மதிப்பெண்) கெட்டு, பிறகு பைக் லோனுக்கு வந்து நின்ற குடும்பங்களை நிறையப் பார்த்துவிட்டேன். என் யோசனை: படிக்கும்போது முடிந்த அளவு வட்டியை நீங்கள் கட்டுங்கள், அசலைப் பிள்ளை கட்டட்டும். கையெழுத்துப் போடுவதற்கு முன்பே இதைப் பேசிவிடுங்கள்.

வட்டியே வேண்டாம் என்கிற குடும்பங்கள் பைத்துல்மாலிலோ (ஜமாத்தின் பொது நிதி) சொந்தத்திலோ அழகிய கடன் வாங்குகிறார்கள். அதற்கும் எழுத்தும் தேதியும் வேண்டும். வட்டி இல்லாத கடன் என்பதால் தேதியும் இல்லாத கடன் என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள்.

மகள் சம்பளத்தை அவள் கல்யாணத்துக்கு என்று நாங்களே வைத்துக்கொள்கிறோம். தப்பா?

அவளைக் கேட்டீர்களா? இந்தக் கேள்வியைக் கேட்ட எல்லாரிடமும் நான் திருப்பிக் கேட்டது இது. பெரும்பாலும் பதில் வராது.

சேர்ப்பது தப்பில்லை. அவளுக்குத் தெரியாமல், அப்பா பெயரில் சேர்ப்பதுதான் தப்பு. நகை வாங்கினால் பில் அவள் பெயரில் இருக்கட்டும். டெபாசிட் அவள் பெயரில் இருக்கட்டும். மாதம் ஒரு தொகை அவள் இஷ்டத்துக்கு. தம்பி படிப்புக்கு அவள் கொடுத்தால் அதையும் அந்த நான்கு பத்தித் தாளில் எழுதுங்கள், திருப்பித் தர வேண்டியதா, அன்பளிப்பா என்று. கல்யாணமான பிறகு புகுந்த வீட்டில் அவளிடம் காசு பற்றிப் பேசும்போது வாய் திறக்கப் பழகியிருக்க வேண்டுமே. அதை எங்கே போய்ப் பழகுவாள்?

மொய், செய்முறை எல்லாம் இனி பிள்ளை தலையிலா?

மொய் நோட்டை எடுத்து வையுங்கள். நம் ஜில்லாவில் சிபில் வருவதற்கு முன்பே இருந்த சிபில் அது. யார் வீட்டு விசேஷத்துக்கு எவ்வளவு வந்தது, எவ்வளவு திருப்பினோம், இன்னும் யாருக்கு நிற்கிறது என்று பிள்ளையை வைத்து ஒரு கூட்டல் போடுங்கள். நிற்கும் தொகை அவன் மூன்று மாதச் சம்பளமாக இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். இந்தக் கடனுக்குத் தேதி நம் கையில் இல்லை என்பதுதான் தொல்லை, ஆவணி பிறந்தால் ஒரே வாரத்தில் ஐந்து பத்திரிகை வரும்.

நீங்கள் வாங்கிய மொய்யை நீங்கள் செய்யுங்கள். அவன் கல்யாணத்துக்கு வந்ததை அவன் செய்யட்டும். அவன் நண்பர்கள் வீட்டு விசேஷம் அவன் பாடு. இப்படிப் பிரித்துக்கொண்ட வீடுகளில் சத்தம் குறைவு.

பிள்ளை கடன் ஆப்பிலோ ஆன்லைன் ஆட்டத்திலோ மாட்டிக்கொண்டது தெரிய வந்தால்?

முதல் வார்த்தை "எவ்வளவு?" என்று இருக்கட்டும். "ஏன்டா இப்படிப் பண்ணின?" பிறகு கேட்கலாம். முதல் வார்த்தை திட்டாக வந்தால் அவன் பாதித் தொகையைத்தான் சொல்வான், மீதிப் பாதிக்கு இன்னொரு ஆப்பில் வாங்குவான்.

மிரட்டுகிற ஆப்புக்குப் பணம் கட்டிக்கொண்டே போகாதீர்கள். மிரட்டல் மெசேஜை அழிக்காமல் வைத்து, 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் பேசுங்கள். பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்கு 2025-இல் மத்திய அரசு சட்டம் போட்டுத் தடை விதித்துவிட்டது, ஆகவே "சட்டப்படிதான் ஆடுறேன்" என்ற பேச்சை ஒத்துக்கொள்ளாதீர்கள். இன்னொன்று இப்போது அதிகம். "உன் அக்கவுன்ட்டைக் கொஞ்ச நாள் கொடு, மாதம் 5,000 தர்றேன்" என்று கல்லூரிப் பையன்களைக் கேட்கிறார்கள். கொடுத்தால் மோசடிப் பணம் அதன் வழியே போகும், போலீஸ் தேடி வருவது கணக்குக்குச் சொந்தக்காரன் வீட்டுக்கு. இதைப் பிள்ளைக்கு 18 ஆகும்போதே சொல்லிவிடுங்கள்.

எவ்வளவு நாள் கைகொடுப்பது? எப்போது நிறுத்துவது?

இதில் நானே கோட்டை விட்டவன். என் மகன் பைக் லோனில் நானும் கையெழுத்துப் போட்டேன். ஒரு மாதம் அவன் தவணை கட்டவில்லை என்று தெரிந்ததும், என் சிபில் கெடுமே என்று நானே கட்டினேன். அவனிடம் சொல்லவில்லை. அடுத்த மாதமும் அப்படியே, அதற்கடுத்ததும். நான்காவது மாதம் நான் கட்டாமல் இருந்தபோது வங்கியிலிருந்து அவனுக்குப் போன் வந்தது. "எப்பவும் தானா போகுமே!" என்றான். தவணை கட்ட வேண்டும் என்பதே அவனுக்கு மறந்துபோயிருந்தது. மறக்க வைத்தவன் நான்.

அதற்குப் பிறகு ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். உதவி என்றால் தொகையும் கடைசி மாதமும் சேர்த்தே சொல்வேன். "வாடகைக்கு 2,000, தை வரைக்கும்." தை வந்ததும் நிறுத்திவிடுவேன். வேலை போனது, உடம்பு சரியில்லை என்றால் வேறு கதை, அப்போது மறுபடி உட்கார்ந்து பேசிப் புதுத் தேதி போடலாம்.

நாங்கள் கணக்கு கேட்டால், பிள்ளை எங்களையே திருப்பிக் கேள்வி கேட்டால்?

கேட்கட்டும். என் மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை, "அப்பா, எங்க ரெண்டு பேர் கணக்கும் பாக்கிறீங்க, உங்க கணக்கைக் காட்டுங்க" என்றாள். டெபாசிட் ரசீதுகளைக் கொண்டுவந்து வைத்தேன். வங்கிக்காரன் என்ற தைரியம். ஒவ்வொன்றாக வாசித்தவள், பழைய ரசீது ஒன்றில் நின்றாள். "இதுல நாமினி அப்பத்தா பேரு இருக்கு."

என் அம்மா இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. இப்போது ஒரு கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினி போடலாம் என்று எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். மறுநாள் காலை பத்து மணிக்கெல்லாம் கிளையில் போய் நின்றேன். படிவத்தை மகள்தான் நிரப்பினாள்.